வீட்டு ஸ்டீரியோவுக்குக் குறைந்த செலவில் கேபிள் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதன்முதலாக ஸ்டீரியோ அமைப்பவர்கள் ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கர்களையும் பல நாள் விசாரித்துத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். தடுமாற்றம் வருவது கேபிள் வாங்கும்போதுதான். ஒரே நீளம், ஒரே வேலை, ஆனாலும் ஒன்றின் விலை மற்றொன்றைவிட நூறு மடங்குகூட அதிகமாக இருப்பதைப் பார்க்கும்போது, மலிவானதை வாங்கினால் நல்ல ஒலியை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் எழுவது இயல்பு. அந்த அச்சம் தேவையற்றது. அதற்காகக் கையில் கிடைத்த ஏதோ ஓர் ஒயரைச் சொருகினால் போதும் என்பதும் சரியல்ல. கேபிள் ஒலியை மேம்படுத்துவதில்லை. தன் வழியாகச் செல்லும் சிக்னலைக் குறைக்காமலும் அதில் இரைச்சலைச் சேர்க்காமலும் கொண்டுசேர்ப்பதுதான் அதன் வேலை. அதை ஒழுங்காகச் செய்யும் கேபிளை, அளவெடுத்து, கணக்குப் பார்த்து, உலோகத்தைச் சோதித்து வாங்கினால் மிகக் குறைந்த செலவிலேயே பெற்றுவிடலாம்.

எந்த இணைப்புக்கு எந்தக் கேபிள்

கடைக்குப் போகும் முன் உங்கள் கருவிகளின் பின்புறத்தை நன்றாகப் பார்த்து, எந்தெந்த சாக்கெட்டுகள் இருக்கின்றன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஸ்டீரியோவில் பயன்படுவன முக்கியமாக இரண்டு வகைக் கேபிள்கள். இரண்டின் தேவையும் வேறு வேறு. ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்லும் ஒயர் கணிசமான மின்னோட்டத்தைச் சுமக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் செல்லும்போது அதில் 2.5 ஆம்பியர் ஓடும். ஆகவே அதற்கு வேண்டியது தடிமன். சிடி பிளேயர், டிவி, கணினி போன்றவற்றிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வரும் கேபிளிலோ சிக்னல் பெரும்பாலும் 2 வோல்ட்டைத் தாண்டுவதில்லை; ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு மின்தடை பல்லாயிரம் ஓம் இருப்பதால் மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியரைக்கூட எட்டாது. அங்கே தடிமனால் ஒரு பயனும் இல்லை. சுற்றியுள்ள மின்கருவிகளின் இரைச்சல் உள்ளே நுழையாதபடி தடுக்கும் உலோகக் கவசம்தான் முக்கியம். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், ஒன்றுக்குச் சொல்லப்படும் பெருமையை மற்றொன்றுக்கு ஏற்றி விற்பவர்களிடம் நீங்கள் ஏமாற மாட்டீர்கள்.

அளவெடுத்தல்

ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் வரை நேர்க்கோட்டில் கண்ணால் மதிப்பிட்டு வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒயர் நேராகப் போவதில்லை. மேசையின் பின்னால் இறங்கி, சுவரோரமாக நடந்து, கதவு நிலையைச் சுற்றிக்கொண்டு, மீண்டும் ஸ்பீக்கரின் உயரத்துக்கு ஏறுகிறது. ஒரு நூலை அந்த வழியிலேயே ஓட்டி, பிறகு நூலை அளந்து, அதனுடன் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரைத் துடைப்பதற்காக முன்னால் இழுக்கும்போதும், பின்னாளில் முனையை வெட்டிப் புதிதாகச் சீவும்போதும் அந்தக் கூடுதல் நீளம் கைகொடுக்கும்.

இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் ஒரே நீளம் வேண்டுமா என்று புதியவர்கள் கேட்பதுண்டு. மின் சிக்னல் ஒயரில் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் செல்கிறது. இரண்டு ஒயர்களுக்கிடையே இரண்டு மீட்டர் வேறுபாடு இருந்தாலும், வந்துசேரும் நேரத்தில் ஏற்படும் வேறுபாடு ஒரு நொடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுதான். காது உணரக்கூடிய எதற்கும் அது அருகில்கூட இல்லை. தடிமன் போதுமானதாக இருந்தால், இரு பக்கமும் அவரவர் தேவைக்கேற்ற நீளத்தில் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம்.

எவ்வளவு தடிமன் வேண்டும்

இங்கேதான் சற்று நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். பணம் மிச்சமாவதும் இங்கேதான்.

முதலில் ஸ்பீக்கரின் பின்புறத்தில் எத்தனை ஓம் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். வீட்டு ஸ்பீக்கர்களில் 8, 6, 4 என்பவை வழக்கமான எண்கள். அது சராசரியாகச் சொல்லப்படும் பெயரளவு மதிப்பு மட்டுமே. உண்மையில் ஸ்பீக்கரின் மின்மறுப்பு, அதாவது மாறி மாறி ஓடும் சிக்னலுக்கு அது காட்டும் தடை, ஒலியின் அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்குகிறது. 8 ஓம் என்று எழுதப்பட்ட ஒன்று சில அதிர்வெண்களில் 6 ஓமுக்கு அருகில் இறங்கியும், வேறு சிலவற்றில் 20 அல்லது 30 ஓம் வரை ஏறியும் இருக்கலாம். ஒயரின் மின்தடை அதிகமாக இருந்தால், மின்மறுப்பு குறைவாக உள்ள இடத்தில் இழப்பு கூடும், அதிகமாக உள்ள இடத்தில் குறையும். அதனால் ஒலியின் மொத்த அளவு மட்டுமல்லாமல் அதன் சமநிலையும் சற்று மாறிவிடும். மெல்லிய ஒயரைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவே உண்மையான காரணம்.

நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் எளிய விதி ஒன்று உண்டு: போகவர உள்ள ஒயரின் மொத்த மின்தடை, ஸ்பீக்கரின் ஓம் மதிப்பில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த வரம்பு 0.4 ஓம். அந்த எல்லையிலேயே நின்றாலும் இழப்பு 0.4 டெசிபல் அளவுதான். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0172 ஓம் தடை தரும். ஆகவே ஒயரின் நீளத்தை மீட்டரில் எடுத்து, போவதற்கும் வருவதற்குமாக அதை இரண்டால் பெருக்கி, 0.0172ஆல் பெருக்கி, குறுக்குப் பரப்பால் வகுத்தால் மொத்தத் தடை கிடைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஸ்பீக்கர் 8 ஓம், ஒயரின் நீளம் 5 மீட்டர், தடிமன் 1.5 சதுர மில்லிமீட்டர். 5 × 2 × 0.0172 ÷ 1.5 என்பது 0.115 ஓம், வரம்பான 0.4 ஓமில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இதே 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 17 மீட்டர் வரையும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 8 மீட்டருக்குச் சற்று மேலும் விதிக்குள் நிற்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் எடுத்தால் 4 ஓமுக்கே 14 மீட்டர் வரை போகலாம். மேசைமேல் வைக்கும் சிறிய ஸ்பீக்கர்களுக்கு இரண்டு மூன்று மீட்டர்தான் தேவை என்றால் 0.75 சதுர மில்லிமீட்டரே தாராளம். என் கருத்தில், சாதாரண அறை ஒன்றுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வாங்கிவிட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை. 4 ஓம் ஸ்பீக்கரும் நீளமான பாதையும் சேர்ந்து வரும்போது மட்டும் 2.5க்குப் போங்கள். அதற்கு மேல் தடித்த ஒயர், வளைக்கக் கடினமாகி, ஸ்பீக்கரின் முனைகளில் நுழையாமல் தொல்லை தருமே தவிர வேறொன்றும் செய்யாது.

சில ஒயர்களில் சதுர மில்லிமீட்டருக்குப் பதிலாக அமெரிக்கக் கேஜ் எண் இருக்கும். அதில் எண் குறையக் குறையத் தடிமன் கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள்: 18 கேஜ் என்பது 0.8, 16 கேஜ் 1.3, 14 கேஜ் 2.1, 12 கேஜ் 3.3 சதுர மில்லிமீட்டர்.

செம்பா, செம்பு பூசிய அலுமினியமா

தடிமனை முடிவு செய்தபின், அந்தத் தடிமன் எந்த உலோகத்தில் என்பதைப் பார்க்க வேண்டும். மிக மலிவாகக் கிடைக்கும் ஸ்பீக்கர் ஒயர்களில் பெரும்பகுதி சி.சி.ஏ. எனப்படும் செம்பு பூசிய அலுமினியம். இதன் மின்தடை அதே தடிமனுள்ள செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம். அதற்காக அதைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்ல மாட்டேன். கணக்கில் அந்த ஒன்றரை மடங்கைச் சேர்த்துக்கொண்டு, அதற்கேற்பத் தடித்த ஒயராக வாங்கினால் சிக்னலைப் பொறுத்தவரை வேலை நடக்கும். ஆனால் அதன் இழைகள் சிலமுறை வளைத்தாலே ஒடிந்துவிடும். செம்பு உரிந்த இடத்தில் அலுமினியம் காற்றுப்பட்டு ஆக்சைடு படிந்து, இணைப்பு நாளடைவில் கெட்டுப்போகும். விலை வேறுபாடு சிறிதாக இருக்கும்போது செம்பையே வாங்குங்கள். அலுமினியத்தை அலுமினியம் என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. உறையில் ஒன்றும் எழுதாமல் செம்பு விலைக்கு விற்பதுதான் வருத்தத்துக்குரியது.

கண்டுபிடிக்கும் வழிகள் எளியவை. ஓர் இழையைப் பிரித்து, கூரான கத்தியால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளேயும் செந்நிறமாகவே இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வெளியே வெள்ளியைப்போலவும் சுரண்டியபின் சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீய முலாம் பூசிய நல்ல செம்பு. அதைக் கண்டு தயங்க வேண்டாம். கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும்: அலுமினியத்தின் அடர்த்தி செம்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், பெரிய சுருள் ஒன்று எதிர்பாராத அளவுக்கு லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. முழுச் சுருளின் ஒரு முனையில் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கிவிட்டு, மறுமுனையில் அவற்றுக்கிடையேயான மின்தடையை அளவிடுங்கள். மீட்டரின் இரண்டு முட்களையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். 30 மீட்டர் நீளமுள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 0.7 ஓம் அளவில் காட்டும். 1 ஓமைத் தாண்டினால் அது அலுமினியமாக இருக்க வேண்டும், அல்லது உறையில் எழுதிய தடிமன் உள்ளே இல்லை. இரண்டாவது வகை ஏமாற்றும் அடிக்கடி நடப்பதுதான்: பிளாஸ்டிக் உறையைப் பருமனாக்கி, உள்ளே கொஞ்சம் இழைகளை மட்டும் வைத்து, பார்வைக்குத் தடித்த ஒயராகக் காட்டிவிடுகிறார்கள். 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள இழைகளாக இருந்தால் 1.5 சதுர மில்லிமீட்டருக்கு 48 இழைகள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்ப்பதில் தவறே இல்லை.

ஓ.எஃப்.சி. எனப்படும் ஆக்சிஜனற்ற செம்பு பற்றி ஒரு வார்த்தை. சாதாரண மின்செம்புக்கும் அதற்கும் கடத்துதிறனில் உள்ள வேறுபாடு ஒரு சதவீத அளவில்தான். அந்த எழுத்துகளுக்காக மட்டும் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. முழுச் செம்பு என்ற உறுதியாக அதை எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் ‘ஆக்சிஜனற்ற செம்பு பூசிய அலுமினியம்’ என்று நீட்டி எழுதியிருக்கும் ஒயர்களும் உண்டு. கடைசிச் சொல்வரை படித்துவிட்டு வாங்குங்கள்.

பெயரில் ‘ஸ்பீக்கர்’ என்று இல்லாத, மேசை விளக்குகளுக்குப் பயன்படும் இரட்டைச் செம்பு ஒயரும் இந்த வேலையைக் குறைவின்றிச் செய்யும். இரண்டு கம்பிகளையும் வேறுபடுத்திக் காட்டும் கோடோ நிறமோ இல்லையென்றால் இரு முனைகளிலும் நீங்களே அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். இதைத் தலைகீழாகச் செய்வது மட்டும் ஆபத்து: ஸ்பீக்கர் ஒயரை வீட்டு மின்சாரத்துக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ பதிக்கப் போகிறீர்கள் என்றால், தீ பரவாத உறை கொண்டதாகச் சான்று பெற்ற கேபிளைத்தான் வாங்க வேண்டும். அந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முனைகளைத் தயார் செய்தல்

ஆம்ப்ளிஃபையரை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். உறையை 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை, இழைகள் அறுபடாமல் சீவி, எல்லா இழைகளையும் ஒரே திசையில் இறுக்கமாக முறுக்குங்கள். முனைத் திருகைத் தளர்த்தி, பக்கவாட்டுத் துளையில் ஒயரைச் செருகி, கையால் முடிந்தவரை இறுக்குங்கள். பிறகு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்: சிவப்பு முனையிலிருந்து பிரிந்த ஒற்றை இழை ஒன்று கறுப்பு முனையைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டுப் பகுதி எரிந்துபோகலாம். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முனையில் ஈயம் பற்றவைத்துத் திருகில் இறுக்குவது நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். மென்மையான ஈயம் அழுத்தத்தில் மெல்ல விலகிக்கொடுப்பதால் இணைப்பு நாளடைவில் தளர்ந்துவிடும். வெறும் செம்பே மேல்.

அடிக்கடி கழற்றி மாட்டுபவர்களுக்கு 4 மில்லிமீட்டர் பனானா பிளக் வசதியானது. அது ஒலியைக் கூட்டுவதில்லை. இழைகள் சிதறாமல் காப்பதும், எட்டாத இடத்தில் எளிதாகச் சொருக முடிவதும்தான் அதன் பயன். திருகால் இறுக்கும் சாதாரண வகை போதும். அழுத்தித் திறக்கும் கிளிப் மட்டுமே உள்ள ஆம்ப்ளிஃபையர்களில் பனானா பிளக் நுழையாது என்பதை வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவிகளை இணைக்கும் கேபிள்கள்

சிவப்பும் வெள்ளையுமாக இரட்டையாக வரும் ஆர்.சி.ஏ. கேபிள்தான் இங்கே பெரும்பாலும் தேவைப்படும். சிவப்பு வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். பின்னல் கவசம் உள்ளதாக, பிளக்கும் கேபிளும் சேரும் இடம் வளைத்தால் பிய்ந்துவிடாதபடி உறுதியாக அமைந்ததாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சாக்கெட்டில் சொருகினால் லேசான பிடிப்பு இருக்க வேண்டும். சில ஆடம்பரப் பிளக்குகள் அளவுக்கு மீறி இறுகப் பிடித்து, இழுக்கும்போது சாக்கெட்டையே தளர்த்திவிடுகின்றன. அவற்றைவிடச் சாதாரணப் பிளக்கே பாதுகாப்பானது. கைப்பேசியையோ கணினியையோ இணைக்க, ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக்கும் மறுமுனையில் இரண்டு ஆர்.சி.ஏ. பிளக்குகளும் உள்ள கேபிள் போதும்.

இசைத்தட்டு இயக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இசைத்தட்டைப் படிக்கும் ஊசியைத் தாங்கிய பகுதிக்குக் கேட்ரிட்ஜ் என்று பெயர். பரவலாகப் பயன்படும் நகரும் காந்த வகைக் கேட்ரிட்ஜ், தனக்கும் ஆம்ப்ளிஃபையரில் இசைத்தட்டு இயக்கிக்கென உள்ள ஃபோனோ உள்ளீட்டுக்கும் இடையிலுள்ள மின்தேக்குத்திறனுக்கு ஏற்ப மேல் அதிர்வெண்களில் மாறி ஒலிக்கும். கேபிளின் ஒவ்வொரு மீட்டரும் பொதுவாக 50 முதல் 150 பிகோஃபாரட் வரை சேர்க்கிறது. ஆகவே இங்கே நீளம் ஒரு மீட்டர் அளவில் இருப்பது நல்லது. கேபிளின் குணம் காதுக்குத் தெரியக்கூடிய ஓரிடம் வீட்டு ஸ்டீரியோவில் உண்டென்றால் அது இதுதான். சிடி பிளேயர் போன்ற மற்றக் கருவிகளில் இதே மின்தேக்குத்திறன் கேட்கும் எல்லைக்கு வெகு தொலைவில்தான் விளைவைக் காட்டும்.

‘ம்ம்ம்’ என்ற தொடர் ரீங்காரம் கேட்டால் உடனே விலையுயர்ந்த கேபிளைத் தேடி ஓடாதீர்கள். முதலில் சிக்னல் கேபிளை மின் கேபிள்களிலிருந்து விலக்கி வையுங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்க விடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறதோ அதன் வழியாகத்தான் எர்த் வளையம், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் சேர்வதால் வரும் சுற்று, பெரும்பாலும் உருவாகியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே மின்பலகையில் இணைப்பது பெரும்பாலும் இதைத் தீர்த்துவிடும். இசைத்தட்டு இயக்கியிலிருந்து வரும் தனி எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகில் மாட்ட மறந்தாலும் இதே ரீங்காரம் வரும். மின் பிளக்கின் எர்த் முனையை நீக்கிச் சத்தத்தை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

டிஜிட்டல் இணைப்புகளில் யோசிக்க அதிகம் இல்லை. கோஆக்சியல் வெளியீட்டுக்கு 75 ஓம் கேபிள் வேண்டும். பழைய வீடியோ இணைப்புக்கான மஞ்சள் ஆர்.சி.ஏ. கேபிள் அதே 75 ஓம் வகைதான் என்பதால், வீட்டில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். ஆப்டிகல் கேபிளில் மின்சாரமே ஓடாததால் எர்த் வளையம் உருவாக வழியில்லை. டிவியால் ரீங்காரம் வரும் வீடுகளில் இதுவே நல்ல தீர்வு. கூர்மையாக மடிக்காமல், ஐந்து மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கத் தேவையில்லாதவை

வெள்ளி செம்பைவிட 6 சதவீத அளவுக்கே நன்றாகக் கடத்தும்; செம்பின் தடிமனைச் சற்றுக் கூட்டினால் அதே பலன் மிகக் குறைந்த செலவில் கிடைத்துவிடும். ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு சோடி ஒயர்களை ஓட்டுவதும், கேபிளைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் தாங்கிகளும், நாள்கணக்கில் ஓடவிட்டுக் கேபிளைப் ‘பழக்குவதும்’ அளவிடக்கூடிய பலன் எதையும் தருவதில்லை. கேபிளில் திசைக்குறி இருந்தால் அதற்குச் சில வேளைகளில் காரணம் உண்டு: கவசத்தை ஒரு முனையில் மட்டும் இணைத்திருக்கும் ஆர்.சி.ஏ. கேபிள்களில் அந்த முனை எது என்பதை அறிய அந்தக் குறி உதவுகிறது. ஸ்பீக்கர் ஒயரில் திசைக்குறிக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. சிக்னல் இரு திசையிலும் மாறி மாறித்தான் ஓடுகிறது. விலையுயர்ந்த ஒன்றைக் கேட்டுவிட்டு வேறுபாடு தெரிந்ததாக உங்களுக்குத் தோன்றினால், எது ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாதபடி இன்னொருவரை மாற்றச் சொல்லி, ஒலி அளவு மாறாமல், பலமுறை கேட்டுப் பாருங்கள், அதன்பின் முடிவெடுங்கள்.

இணைத்தபின் சோதனை

இடப்பக்கச் சிவப்பு முனையிலிருந்து வந்த கம்பி ஸ்பீக்கரின் சிவப்பு முனைக்கே போயிருக்கிறதா என்பதை இரு பக்கமும் சரிபாருங்கள். ஒயரில் உள்ள கோடு, எழுத்து, மேடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை ‘இதுவே சிவப்பு’ என்று முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே பின்பற்றினால் குழப்பம் வராது. ஒயர் சுவரோரமாக மறைந்து போகிறது, அடையாளமும் இல்லை என்றால், அதை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிவிட்டு, அந்த முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். பெரிய கூம்பு முன்னோக்கி நகர்ந்தால், பேட்டரியின் நேர்முனையைத் தொட்ட கம்பியே சிவப்பு முனைக்கு உரியது.

பிறகு ஒலி அளவை முழுவதும் குறைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரை இயக்கி, ஒற்றைக் குரல் தெளிவாகக் கேட்கும் ஒரு பதிவை மெல்ல உயர்த்திக் கேளுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் அமர்ந்திருக்கும்போது குரல் நடுவிலிருந்து வர வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் அறையெங்கும் பரவி, பாஸ் ஒலியும் மெலிந்திருந்தால், ஒரு பக்கம் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது. ஆம்ப்ளிஃபையரை அணைத்து, ஒரே ஒரு ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளை மட்டும் இடம் மாற்றி மீண்டும் கேளுங்கள். பாஸ் எந்த இணைப்பில் நிறைந்து ஒலிக்கிறதோ அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெறும் செம்பை நேரடியாகத் திருகில் மாட்டியிருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை திருகுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். இழைகள் கறுத்தோ பச்சை படிந்தோ இருந்தால் அந்தப் பகுதியை வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.